மூடுவதற்காகத் திறந்து வைத்த கடை

கடையைத் திறக்க வெல்டருக்கு அரை மணி நேரம்தான் ஆயிற்று. தொழில் பதிவு அலுவலகத்தில் ஒரு படிவம், ஒரு கையெழுத்து. நேற்றுவரை கூலிக்காரன், இன்று முதலாளி. எழுந்து நின்று கைகூடக் கொடுத்தார்கள். மூடுவதற்குத்தான் இந்தப் பாடு.

வேலை வராமல் இரண்டு வருடம் தள்ளாடியபின் மெஷினை விற்றுவிட்டான். பழைய பட்டறையில் திரும்பக் கூலிக்கு எடுத்துக்கொள்ளத் தயார். ஆனால் முதலாளிகள் பட்டியலில் பேர் உள்ளவனை யாரும் கூலிக்கு வைக்கக் கூடாது, சட்டம். பேரை அடிக்க வேண்டுமானால் இன்ஸ்பெக்டர் நேரில் வந்து, கடை நடக்கவில்லை என்று எழுத வேண்டும். அவர் வரும் நேரம் கடை பூட்டிக் கிடந்தால் மனு தள்ளுபடி.

ஆகவே தினமும் ஒன்பது மணிக்கு ஷட்டரைத் தூக்கிவிட்டு, நாலு வெறும் சுவருக்கு நடுவே நாற்காலி போட்டு உட்கார்ந்தான். கேட்டுக்கு வெல்டிங் வைக்க வந்தவர்களைக் கும்பிட்டுத் திருப்பி அனுப்பினான். பதினேழு நாள்.

வெளிநாட்டில் கடை வைத்திருந்த மச்சினன் போனில் சிரித்தான். "இங்க திறக்கிறதுக்கு எட்டு மாசம் நாயா அலைஞ்சேன் மாமா. மூட ஒரே காயிதம், தபால்ல போட்டேன், முடிஞ்சுது."

"அப்ப இதைத் தூக்கிட்டு அங்க வந்து மூடட்டுமாடா?"

பதினெட்டாம் நாள் பட்டறை மேஸ்திரியிடமிருந்து சேதி வந்தது: வெள்ளிக்கிழமைக்குள் சேராவிட்டால் வேறு ஆள். நேரில் கெஞ்சிப் பார்க்கக் கிளம்பினான். ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் வேலை பார்க்கும் மனைவி அரை நாள் லீவு போட்டு வந்து நாற்காலியில் உட்கார்ந்தாள்.

"யார் வந்தாலும் எதையும் தொடாதே."

"தொடறதுக்கு இங்க என்ன இருக்கு, சுவரையா?"

மேஸ்திரி மசியவில்லை. தொங்கிய முகத்தோடு திரும்பியவனிடம் அவள் சீல் வைத்த காகிதத்தை நீட்டினாள். "இன்ஸ்பெக்டர் வந்துட்டுப் போயிட்டாருங்க! தங்கமான மனுசன். 'இப்ப கடையைப் பாத்துக்கிறது நீங்களா'ன்னாரு. 'ஆமா, காலையிலேருந்து நான்தான்'னேன். கையெழுத்துக் கேட்டாரு, போட்டேன். உங்க பேரை அடிச்சே குடுத்துட்டாரு."

எழுத்துக் கூட்டிப் படித்தான். அவன் பேரை அடித்திருந்தது நிஜம்தான். கீழே, புது முதலாளி என்ற இடத்தில் அவள் பேர்.

"நாளைக்கே பட்டறைக்குப் போகலாம்ல?"

"போகலாம்."

"எனக்கும் காலை ஷிப்டுதான். சேர்ந்தே கிளம்பலாம்." சொல்லிக்கொண்டே ஷட்டரை இறக்கப் போனாள்.

"இறக்காதே," என்றான். "ஆஸ்பத்திரியில இனி உன்னை வச்சுக்க மாட்டாங்க. நீ உக்காரு."