எந்திரிச்சா மார்க் போயிரும்

கயல்விழி அந்தத் தாளைக் கொடுக்க மாட்டேன் என்றாள். பிடுங்கித்தான் வாங்கினேன். அறிவொளி வகுப்பில் நான் எழுத்துக் கற்று நாலு வருசம் ஆகிறது. பஸ் போர்டும் ரேசன் கடைப் பலகையும் தவிர வேறெதையும் முழுதாகப் படித்ததில்லை. இதைப் படித்தே தீர வேண்டும் என்று வெளிச்சத்துக்குப் போய் நின்றேன்.

மகள் போலீசில் சப்-இன்ஸ்பெக்டர் வேலைக்கு எழுதியிருந்தாள். எழுத்துப் பரீட்சை தேறிவிட்டது. ஓட்டம், உயரம் எல்லாம் தேறிவிட்டது. மிச்சம் நேர்முகத் தேர்வு ஒன்றுதான். அதில் ஆளின் குணத்தைப் பார்ப்பார்களாம். எப்படி உள்ளே வருகிறாள், எப்படிப் பேசுகிறாள், பயந்த பிறவியா, துணிந்த பிறவியா என்று. அதற்கு ஒத்திகை வைத்துப் பார்க்க, ஆர்.எஸ்.புரத்தில் ஒரு மாடி அறையில் சென்னகிருஷ்ணன் என்று ஓய்வு பெற்ற அதிகாரி ஒருவர் இருந்தார். அவர் எழுதிக் கொடுத்த தாள் அது.

"பதில்கள் சரி. குரல் சரி. மூன்று முறை சொன்ன பிறகுதான் உட்கார்ந்தார். நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தார். டீ கொண்டுவந்தவரைக் கண்டு எழுந்து நின்றார். இப்படியே போனால் தேறுவது கடினம்."

அதுவரை படித்து முடிக்க எனக்கு நேரம் பிடித்தது.

"டீ கொண்டாந்தவருக்கு எதுக்கு கண்ணு எந்திரிச்சே?"

"தெரியலம்மா. வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை. கதவத் தொறந்துட்டு வந்தாரு. கால் தானா எந்திரிச்சுப்போச்சு. அந்த மனுசன் டம்ளர வெச்சுப்போட்டு, 'உக்காரும்மா, நான் டீக்கடைக்காரன்'ங்கறாரு."

சிரித்துக்கொண்டுதான் ஆரம்பித்தாள். முடிக்கும்போது சிரிப்பு இல்லை.

காரணம் எனக்குத் தெரியும். கருமத்தம்பட்டிக்குத் தெற்கே எங்கள் காலனி. அதன் நடுவில் போகும் தடத்தில்தான் பாலுசாமிப் பண்ணாடி தன் தோட்டத்துக்குப் போவார். நானும் என் வீட்டுக்காரர் காளிச்சாமியும் அவர் தோட்டத்து ஆட்கள். அவருடைய மொபெட் சத்தம் கேட்டால் கட்டிலில் கிடப்பவர் எழ வேண்டும். சோறு தின்கிறவர் எழ வேண்டும். பிள்ளைக்குப் பால் கொடுப்பவள் பிள்ளையோடு எழ வேண்டும். கயல்விழி நடை பழகிய நாளிலிருந்து அவள் கக்கத்தில் கை கொடுத்துத் தூக்கி நிறுத்தியவள் நான்தான். காலேஜ் போனாள், பி.ஏ. முடித்தாள். கால் மட்டும் நான் பழக்கியதை மறக்கவில்லை.

தாளின் அடியில் இன்னொரு வரி இருந்தது. "வீட்டில் நாற்காலியில் உட்கார்ந்து பழகவும்."

எங்கள் வீட்டில் நாற்காலி ஏது? ஞாயிற்றுக்கிழமை பால்வாடி பூட்டித்தானே கிடக்கும் என்று டீச்சரம்மாவிடம் கேட்டேன். இரண்டு மடக்கு நாற்காலி கொடுத்தார்கள். "ஒண்ணு கால் ஆடுமுங்க, பாத்து உக்காருங்க" என்றார்கள். வீட்டுக்குள் இரண்டையும் விரிக்க இடமில்லை. வாசலில், தடத்தைப் பார்த்துப் போட்டேன்.

"உள்ளயே போட்டுக்கலாமில்ல? போறவங்க வாரவங்க பாப்பாங்க" என்றார் காளிச்சாமி.

"நாளைக்கு ஸ்டேசன்ல உக்காந்தா யாரும் பாக்க மாட்டாங்களா?"

கால் ஆடுகிற நாற்காலியில் நான் உட்கார்ந்தேன். நான்தான் அதிகாரி. எதிர்வீட்டுப் படியில் உட்கார்ந்து வெற்றிலை போட்டுக்கொண்டிருந்த தெய்வாத்தாள் கையைக் கொட்டினாள்.

"ஏனுங்க்கா, சேர்ல உக்காந்ததும் மொகமே மாறிப்போச்சே! எங்க ரேசன் கார்டுல ஒரு பேரு சேக்கோணும், சித்த எழுதிக் குடுங்க மேடம்."

"நாளைக்கு வா. இன்னிக்கு ஆபீஸ் லீவு."

கயல்விழி வேப்பமரத்தடியிலிருந்து விறைப்பாக நடந்து வந்தாள். "உள்ளே வரலாமா மேடம்?"

"வா கண்ணு."

"ம்மா! அதிகாரி கண்ணுன்னு சொல்ல மாட்டாங்க."

"நல்ல அதிகாரி சொல்லுவாங்க. உக்காரு அம்மணி."

உட்கார்ந்தாள். நுனியில்தான். "பின்னால தள்ளு" என்றேன். தள்ளினாள். கை இரண்டும் மார்பில் போய்க் கட்டிக்கொண்டன. அதைப் பிரித்து மடியில் வைக்கச் சொன்னேன். பத்து முறை வந்து பத்து முறை உட்கார்ந்த பிறகுதான் முதுகு சாய்ந்தது.

கயல்விழி கேள்விகள் எழுதிக்கொண்டு வந்திருந்த தாளை எழுத்துக் கூட்டிப் படித்தேன். "பெற்றோர் என்ன தொழில் செய்கிறார்கள்?" என்ற கேள்விக்குப் பக்கத்தில் பென்சிலில் ஏதோ இருந்தது. 'விவசாயம் என்று சொல்லலாம்.'

"இதென்ன?"

"அந்தச் சார் சொன்னாரும்மா. கூலின்னா எளக்காரமா நெனப்பாங்களாம்."

"நமக்கு ஏது காடு தோட்டம்?"

அந்தக் கேள்வியை அப்படியே விட்டுவிட்டு அடுத்ததுக்குப் போனேன். திருட்டு நடந்தால் முதலில் என்ன செய்வாய் என்பது அது. அவள் அழகாகச் சொல்லிக்கொண்டே வந்தாள். பாதியில் மொபெட் சத்தம் கேட்டது.

தெய்வாத்தாள் வெற்றிலையைத் துப்பிவிட்டு எழுந்தாள். காளிச்சாமி தோள் துண்டை எடுத்துக் கக்கத்தில் இடுக்கினார். தடம் முழுக்க ஆட்கள் எழுகிற சத்தம். கயல்விழியின் பேச்சு நின்றது. அவள் குதிகால் தரையை விட்டுக் கிளம்புவதைப் பார்த்தேன். என்னுடைய கால்களும் கிளம்பத்தான் செய்தன. நாற்பத்தைந்து வருசப் பழக்கம். ஆனால் நான் எழுந்தால் இவள் எழுவாள். இங்கே எழுந்தால் அங்கேயும் எழுவாள்.

நான் எழவில்லை.

"பேசிட்டிருந்தா எதுக்கு நிறுத்தற? முடி" என்றேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை.

மொபெட் எங்கள் வாசலில் நின்றது. பண்ணாடி எஞ்சினை அணைத்தார்.

"ஏம்புள்ள சாமியாத்தா, என்ன நாடகமா?"

"இல்லீங்க பண்ணாடி. பரீச்சைங்க."

"எந்திரிச்சுச் சொல்றதுக்கென்ன?"

"எந்திரிச்சா மார்க் போயிருமுங்க."

"ஆரு போடற மார்க்கு?"

"நானுங்க. இன்னிக்கு நான்தானுங்க ஆபீசரு."

தெய்வாத்தாளுக்குச் சிரிப்பு பீறிட்டுவிட்டது. முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டாள். பண்ணாடியின் முகம் கறுத்தது. காளிச்சாமி என் தோளைத் தொட்டார். எழுந்துவிடு என்கிற தொடுதல். தோளைக் குலுக்கினேன். கையிலிருந்த தாளை முழங்காலோடு சேர்த்து அழுத்தினேன். நாற்காலிக் கால் வேறு ஆடியது.

"நாளைக்கு வெங்காயம் புடுங்க ஆள் போதும். நீ வர வேண்டாம்" என்றார் பண்ணாடி.

"சரிங்க."

அந்த ஒரு சொல்லைச் சொல்லி முடித்ததும் தாளை மறுபடி தூக்கிப் பிடித்தேன். இனி போவதற்கு என்ன இருக்கிறது? விட்டுவிட்ட கேள்வியை எடுத்தேன்.

"உங்க அப்பா அம்மா என்ன தொழில் செய்யறாங்க?"

கயல்விழி என்னைப் பார்த்தாள். குதிகால் தரையில் இறங்கியது. முதுகு பின்னால் போய் நாற்காலியில் பட்டது.

"கூலி வேலைங்க மேடம். பாலுசாமிங்கறவரு தோட்டத்துல."

"எத்தன வருசமா?"

"நான் பொறக்கறதுக்கு முன்னாலிருந்துங்க. நேத்து வரைக்கும்."

பண்ணாடி மொபெட் பெடலை மிதித்தார். பிடிக்கவில்லை. மறுபடி மிதித்தார். நாலாவது மிதியில்தான் கிளம்பியது. அதுவரை தடத்தில் எங்கள் இருவரைத் தவிர ஒருவரும் உட்காரவில்லை.

மறுநாள் விசைத்தறிக் கூடத்தில் நூல் சுற்றும் வேலை கேட்டுப் போனேன். காளிச்சாமியும் கூடவே நடந்து வந்தார். வழி நெடுக என்னைத் திட்டினார். "உங்கள வேண்டாமுன்னு அவரு சொல்லலியே, போங்களேன்" என்றேன். "நீ உக்காந்துபோட்டு, நான் மட்டும் அங்க போய் நிக்கட்டுமா?" என்றார். நாள் முழுக்க நின்றே பார்க்கிற வேலைதான் கிடைத்தது. இடுப்பு விட்டுப்போகிறது. ஆனாலும் மிசினுக்கு முன்னால் நிற்பது வேறு.

கயல்விழி நேர்முகத் தேர்வுக்குச் சென்னை போய்விட்டு வந்த அன்று பஸ் நிறுத்தத்திலேயே பிடித்துக்கொண்டேன்.

"உக்காந்தயா?"

"ஒருக்கா சொன்னதும் உக்காந்தேம்மா. முதுகு சாஞ்சு."

"தொழில் கேட்டாங்களா?"

"கேட்டாங்க. கூலின்னேன்."

"எளக்காரமாப் பாத்தாங்களா?"

"ஒருத்தரு பாத்தாரு." பையைத் தோளில் மாற்றிக்கொண்டாள். "நானும் அவரப் பாத்தேன்."

முடிவு இன்னும் வரவில்லை. தபால்காரர் எங்கள் காலனிக்கு வருவதே வாரத்துக்கு ஒரு நாள். ஆனால் ஞாயிறு தவறாமல் பால்வாடி நாற்காலி இரண்டும் எங்கள் வாசலுக்கு வந்துவிடுகின்றன. போன ஞாயிறு தெய்வாத்தாள் வந்து நின்று தலையைச் சொறிந்தாள்.

"எனக்கொண்ணும் பரீச்சை இல்லீங்க்கா. சும்மா சித்த உக்காந்து பாக்கட்டுமா?"

உட்கார்ந்தாள். ஒரு வாய் வெற்றிலை போடுவதற்குள் தூரத்தில் மொபெட் சத்தம். அவள் கால் கிளம்பியது. நான் அவள் முந்தானையை இழுத்துப் பிடித்தேன்.

"உக்காரு தெய்வா. உன்ர பேரு என்னன்னே ஆபீசரு இன்னும் கேக்கல."