நாவல்குட்டையில் கிடந்த சுவர்

நீரைக் காப்பதற்கென்றே நூற்றாண்டுக்கு ஒருவர் மண்ணில் அவதரிக்கிறார். குன்னம் பக்கம் அப்படி அவதரித்தவர் வார்டு மெம்பர் வைரக்கண்ணு. இதைக் கண்டுபிடித்து ஊருக்குச் சொன்னவரும் அவர்தான்.

2006 ஆகஸ்ட் பதினைந்து, கிராம சபை. மைக்கைப் பிடித்து நாவல்குட்டையைப் பற்றிப் பேசினார். பேச்சில் பொய் இல்லை. ஐந்து வயதில் எருமை வாலைப் பிடித்து அவர் நீச்சல் பழகியது அதில்தான். வெங்காயம் அறுத்துவிட்டு வரும் பெண்கள் மேலே மிதக்கும் சருகை விலக்கி, இரு கையாலும் அள்ளிக் குடித்த தண்ணீர் அது. இன்றைக்கும் விடியலில் குட்டைக்கரைக்கு ஒருமுறை போய்வராவிட்டால் அவருக்கு அன்று முழுக்க உடம்பு சரியிருக்காது.

அந்தத் தண்ணீர் இப்போது வெள்ளை பூத்துக் கிடந்தது. மாடுகள் முகர்ந்துவிட்டுத் திரும்பின. வரத்து வாய்க்காலின் வாயிலேயே யாரோ வீடு இடித்த காரையையும் பெயிண்ட் டப்பாவையும் குவித்திருந்தார்கள். ஐப்பசி மழைக்குள் அள்ளாவிட்டால் குட்டை நிறையாது. கசிந்து வருகிற கொஞ்சமும் சுண்ணாம்பாகத்தான் வரும்.

"கொட்டுனவன் எவனா இருந்தாலும் அவன் தலையாலயே சுமந்து அள்ளணும்! இது எங்க அம்மா மேல ஆணை!"

எல்லாரும் கைதட்டினார்கள். எருமை வளர்க்கும் வீராயி மட்டும் தட்டவில்லை. அவள் கையில் ஒரு சட்டி இருந்தது.

"மாமா, ஒரு சந்தேகம். இது எந்த வூட்டுச் செவுருன்னு பாத்துச் சொல்லுங்க. குட்டையிலதான் கெடந்துச்சு."

உள்ளே அகலமாக ஒரு காரைத் துண்டு. அதில் ஆணியால் கீறிய எழுத்து: 'வைரக்கண்ணு பிறந்தது கார்த்திகை 14 செவ்வாய் காலை.'

அந்த ஊரில் பிள்ளை பிறந்த நேரத்தைச் சுவரில்தான் கீறிவைப்பார்கள். காகிதம் தொலைந்துவிடும், சுவர் எங்கே போகப்போகிறது என்ற தைரியம். பொங்கலுக்கு வெள்ளையடிக்கும்போதெல்லாம் அவருடைய அம்மா அந்த இடத்தை மட்டும் விட்டுவிட்டுத்தான் மட்டையை இழுப்பாள். வைரக்கண்ணு எழுத்தை விரலால் தடவினார். அப்பாவின் கையெழுத்து. பழைய வீட்டை இடித்த அன்று வைரக்கண்ணு புது வீட்டுக்காகத் திருச்சியில் டைல்ஸ் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஏண்டா கருப்பண்ணா, இதெல்லாம் கொண்டுபோயி குட்டையிலயா கொட்டுன?"

டிராக்டர் ஓட்டும் கருப்பண்ணன் எழுந்தான். "அன்னைக்கே சொன்னேண்ணே, இடிச்சதைப் புது வூட்டு அஸ்திவாரத்துக்குள்ளயே போட்டு நெரவிடலாம்னு. ஊர்ல எல்லாரும் அப்படித்தான செய்யுறாங்க? நீங்கதான், மாடி வூட்டுக்கு அடியில குப்பையா, பாடாலூர்லேர்ந்து கிராவல் வருது, இத எங்கயாச்சும் பள்ளத்துல தள்ளுன்னீங்க."

"பள்ளம்னா குட்டையாடா?"

"பின்ன மேட்டுலயா தள்ளுவாங்க?"

கூட்டம் சிரித்தது. வைரக்கண்ணுவுக்குச் சிரிப்பு வரவில்லை. அவர் அப்பா அந்தப் பழைய வீட்டைக் கட்டியபோது, தாத்தா வீட்டு இடிபாட்டில் ஒரு கூடைகூட வாசல் தாண்டியதில்லை. எல்லாம் தரைக்கு அடியில் போனது.

"அம்மா மேல ஆணை போட்டிருக்கீங்க மாமா." வீராயி சட்டியைக் காலி செய்து நீட்டினாள். "சும்மாடு நான் தரேன்."

பதினோரு நாள் சுமந்தார். முதல் நாள் ஊரே வேடிக்கை பார்த்தது. நாலாம் நாள் கருப்பண்ணன் தானாகவே டிராக்டரைக் கொண்டுவந்து நிறுத்தினான். டப்பாக்கள் பழைய இரும்புக் கடைக்குப் போயின. பெரும்பங்கு காரை தெருவின் பள்ளத்தை நிரவியது. ஐப்பசியில் வாய்க்கால் ஓடிக் குட்டை நிறைந்தது. வீராயியின் எருமைகள் தலை நிமிராமல் குடித்தன.

எழுத்துள்ள துண்டு சாமி அறைக்குப் போனது. மிச்சமிருந்த செங்கல்லை உடைத்து, வீட்டுக்குப் பின்னால் புதிதாக வெட்டிய உறிஞ்சு குழியில் போட்டார்கள். கிரானைட் பதித்த அந்த மாடி வீட்டில் அதுவரை கக்கூஸ் கிடையாது; விடிந்தால் குட்டைக்கரைதான்.