ஜெனரல் தானாக வந்தார்

ரொறன்ரோவின் வெக்ஸ்போர்ட்டில், லோரன்ஸ் அவென்யூவில், ஒரு மருந்துக்கடைக்கு மேல்மாடியில் சாம்பவியின் சட்ட அலுவலகம் இருக்கிறது. வீடு வாங்குகிறவர்கள், உயில் எழுதுகிறவர்கள், ஊர்க் காணிக்கு அற்றோணி அதிகாரப் பத்திரம் கொடுக்கிறவர்கள் என்று பெரும்பாலும் தமிழர்கள்தான் அங்கே படியேறி வருவார்கள். ஆபிரிக்காவின் மேற்குக் கரையிலுள்ள ஒரு சிறிய நாட்டிலிருந்து வேலை வந்தபோது, ஏதோ மோசடி மின்னஞ்சல் என்றுதான் அவள் முதலில் நினைத்தாள்.

மோசடி இல்லை. அந்த நாட்டை ஒரு காலத்தில் இராணுவம் ஆண்டது. ஆட்சி கவிழ்ந்து பல வருடங்கள் கழித்து, அந்தக் காலத்தில் பொதுச் சொத்து எங்கே போனது, யார் எடுத்தது என்று விசாரிக்க ஓர் ஆணைக்குழு அமைத்திருந்தார்கள். நாட்டை ஆண்ட ஜெனரல் மாத்தியாஸ் இப்போது ரொறன்ரோவில், வோபர்ன் பக்கத்து அடுக்குமாடி ஒன்றில் வசிக்கிறார். அவரைக் காணொளி வழியாக விசாரிக்கப் போகிறார்கள். அவருக்குச் சத்தியப்பிரமாணம் செய்துவைக்கவும், அருகில் இருந்து யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை என்று உறுதிப்படுத்தவும், எந்தப் பக்கமும் சேராத ஒரு சட்டத்தரணி தேவை. ஆணைக்குழுவின் வழக்கறிஞர் பேர்ணடெற் தொலைபேசியில் இவ்வளவையும் ஆங்கிலத்தில் பொறுமையாக விளக்கினார்.

"அவர் வர மறுத்தால்?" என்று சாம்பவி கேட்டாள்.

"மறுத்திருந்தால் இப்போதைக்கு எங்களால் ஒன்றும் செய்திருக்க முடியாது. ஆனால் கேட்ட உடனேயே சம்மதித்துவிட்டார். ஏன் என்று எங்களுக்கும் தெரியவில்லை."

அந்தக் கேள்வி சாம்பவியைப் பிடித்துக்கொண்டது. மாலையில் வீட்டுக்குப் போனதும் அப்பாவிடம் சொன்னாள். அவளுடைய அப்பா சச்சிதானந்தன் யாழ்ப்பாணத்தில் ஓர் அரசாங்க ஆஸ்பத்திரியில் மருந்தாளராக இருந்தவர். இங்கே வந்து தொழிற்சாலையில் வேலைசெய்து ஓய்வு பெற்றுவிட்டார். குசினியில் லீக்ஸ் நறுக்கிக்கொண்டிருந்தவர் கத்தியைக் கீழே வைத்தார்.

"கட்டாயம் இல்லையெண்டால் அவன் ஏன் வாறான்?"

"அதுதான் எனக்கும் விளங்கேல்லை அப்பா."

"நல்லாப் பார் பிள்ளை. எப்பிடி இருக்கிறான், கையை எங்க வைக்கிறான், முகத்தைப் பாத்துக் கதைக்கிறானோ எண்டெல்லாம் பார்."

"நான் அங்க நியூட்ரலா இருக்கவேணும்."

"நியூட்ரலா இருக்கிறவைக்கும் கண் இருக்குத்தானே."

"உது லைவ்வா போகுது. நீங்களே ரீவியில போட்டுப் பாருங்கோ."

விசாரணை நாளன்று சாம்பவி ஒரு கறுப்புக் காரையும் கூடவே இரண்டு மூன்று ஆட்களையும் எதிர்பார்த்து அலுவலக யன்னலருகே நின்றாள். எதிர்ப்பக்கத் தரிப்பில் பஸ் நின்றது. பனிச்சேற்றை மெல்லக் கடந்து ஒரு மெலிந்த முதியவர் தனியாக வந்தார். படியேறி வந்தவர் வாசலில் சப்பாத்தைக் கழற்றி, துணிப்பையிலிருந்து பளபளவென்று துடைத்த வேறொரு சோடியை எடுத்து மாட்டிக்கொண்டார். பிறகு நிமிர்ந்து நின்று, "ஜெனரல் மாத்தியாஸ்" என்று கை நீட்டினார். பையில் சட்டம் போட்ட ஒரு படமும் இருந்தது. அகலமான ஆற்றுக்கு மேலே ஒரு பாலம். அதை மேசையில், கமெராவுக்குத் தெரியும்படி வைக்கலாமா என்று கேட்டார்.

"அவர்கள் கேட்டால் காட்டலாம்," என்றாள் சாம்பவி.

அவர் தலையாட்டிவிட்டுப் படத்தை மடியில் வைத்துக்கொண்டார்.

திரையில் ஆணைக்குழுவினர் மூவர், பேர்ணடெற், பின்னால் வரிசையாகப் பொதுமக்கள். சத்தியப்பிரமாணம் முடிந்ததும் பேர்ணடெற் தொடங்கினார். துறைமுக ஒப்பந்தம், எண்ணெய் உரிமம், இராணுவக் குடியிருப்புக் காணிகள். ஜெனரல் எதற்கும் பதறவில்லை. அது நிதியமைச்சின் வேலை என்றார். அதற்குப் பொறுப்பாக இருந்த கேர்ணல் இறந்துவிட்டார் என்றார். ஞாபகம் இல்லை என்றார். இரண்டு கைகளும் படத்தின் சட்டத்தின் மேல் அசையாமல் கிடந்தன. ஒவ்வொரு பதிலும் கதவை மெதுவாகச் சாத்துவது போல இருந்தது. பேர்ணடெற் கெட்டிக்காரிதான், ஆனால் ஜெனரலிடமிருந்து எதுவும் பெயரவில்லை. வாய்திறக்காமல் இருப்பதற்காக ஒருவர் பஸ் ஏறி வருவாரா என்று சாம்பவிக்கு இன்னும் குழப்பமாக இருந்தது.

இடைவேளைக்குப் பிறகு கிளடிஸ் என்ற தாதியை அழைத்தார்கள். தலைநகர் ஆஸ்பத்திரியில் குறைமாதக் குழந்தைகளின் வார்டில் வேலைசெய்தவர். தலை நரைத்து, மூக்குக்கண்ணாடியைக் கயிற்றில் கட்டித் தொங்கவிட்டிருந்தார். ஆஸ்பத்திரியின் ஜெனரேற்றரை ஒருநாள் இராணுவ லொறி வந்து ஏற்றிப்போனதைச் சொன்னார். ஏதோ விழாவுக்கு ஓர் இரவு மட்டும் என்றார்களாம். திரும்பி வரவேயில்லை. அதன்பிறகு மின்சாரம் போன இரவுகளில் வார்டில் என்ன நடந்தது என்று சொல்லும்போது அவர் குரலை உயர்த்தவில்லை. குழந்தைகளை நெஞ்சோடு அணைத்துச் சூடு கொடுக்கத் தாய்மாரைப் பழக்கினோம் என்றார். சில குழந்தைகளுக்கு அது போதவில்லை என்றார்.

"ஜெனரேற்றர் பற்றி எனக்கு எதுவும் தெரியாது," என்றார் ஜெனரல். "ஒரு நாட்டின் தலைவர் ஆஸ்பத்திரி இயந்திரங்களைக் கணக்குப் பார்த்துக்கொண்டிருக்க மாட்டார்."

சாட்சி கேள்வி கேட்கலாம் என்று ஆணைக்குழுவின் தலைவர் அனுமதித்தார். கிளடிஸ் சற்று யோசித்தார். அவர் கேட்ட விதத்தில் பொறி எதுவும் இருந்ததாகச் சாம்பவிக்குத் தோன்றவில்லை. இத்தனை வருடமாக மனதில் கிடந்ததைத்தான் கேட்பதுபோல இருந்தது.

"ஐயா, ஊர் முழுக்க இருட்டாக இருக்கும்போதும் உங்கள் விருந்தினர் மாளிகையில் மட்டும் வெளிச்சம் இருக்கும். நாங்கள் வார்டு யன்னலால் பார்ப்போம். இயந்திரச் சத்தம் ஒன்றும் கேட்காது. அது எப்படி என்று எனக்கு விளங்கவேயில்லை."

அன்று முதல் தடவையாக ஜெனரலின் முகம் மலர்ந்தது.

"அது என்னுடைய யோசனை," என்றார். "மாமரங்களுக்குப் பின்னால் பள்ளம் தோண்டி, சுற்றிவர இரட்டைச் சுவர் எழுப்பினேன். பொறியியலாளர்கள் முடியாது என்றார்கள். இடத்தை நானே அளந்து காட்டினேன். வெளிநாட்டுத் தூதர்கள் பக்கத்து அறையில் படுத்தார்கள், ஒருவருக்கும் கேட்கவில்லை. எவ்வளவு பெரிய இயந்திரம் தெரியுமா? பச்சை நிறம். அதன் பக்கத்தில் இருந்த சிவப்புச் சிலுவைக்கு மேல் நான்தான் பெயின்ற் அடிக்கச் சொன்னேன், பார்வைக்கு நன்றாக…"

அவர் நிறுத்தினார்.

திரையில் கிளடிஸ் கண்ணாடியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார். பின்வரிசையில் ஒரு பெண் எழுந்து நின்றாள். பிறகு இன்னொருவர். சத்தம் போடவில்லை, எழுந்து நின்றார்கள், அவ்வளவுதான்.

ஜெனரல் சாம்பவியின் பக்கம் திரும்பினார். "மேடம், கடைசியாகச் சொன்னதை நீக்க முடியுமா?"

"முடியாது ஐயா. பதிவாகிவிட்டது."

"நான் களைத்துப்போயிருந்தேன் என்று எழுதலாமே."

"களைப்பாக இருக்கிறதா என்று அவர்கள் இடைவேளையில் கேட்டபோது இல்லை என்றீர்கள்."

விசாரணை முடிந்ததும், வெளியார் எவரும் அவருக்குச் சொல்லிக்கொடுக்கவில்லை என்ற உறுதிமொழியில் கையெழுத்திட்டாள். ஜெனரல் வாசலில் குனிந்து மறுபடி பழைய சப்பாத்தை மாட்டினார். வேலை முடிந்துவிட்டது, இனிக் கேட்கலாம் என்று சாம்பவிக்குப் பட்டது.

"நீங்கள் வராமலே இருந்திருக்கலாம். ஏன் வந்தீர்கள்?"

அவர் நிமிர்ந்து பார்த்தார். "நான் கட்டிய பாலத்தைப் பற்றிச் சொல்ல வந்தேன்," என்றார். "அவர்கள் அதைக் கேட்கவேயில்லை."

கைப்பிடியைப் பிடித்தபடி இறங்கிப் போனார். சாம்பவி யன்னலால் பார்த்தாள். பஸ் வரும்வரை படத்தைக் கோட்டுக்குள் அணைத்துக்கொண்டு நின்றார். அவர்மேல் இரக்கம் வருமோ என்று அவள் தன்னையே கவனித்துப் பார்த்தாள். வரவில்லை. வார்டு யன்னலில் நின்ற தாதிமார்தான் நினைவுக்கு வந்தார்கள்.

வீட்டில் அப்பா தொலைக்காட்சிக்கு முன்னால் அப்படியே உட்கார்ந்திருந்தார். தேத்தண்ணி ஆறி ஆடை படர்ந்துபோயிருந்தது.

"அந்த நேர்ஸ் கேட்டதைப் பாத்தியே," என்றார். "வேற ஒருத்தரும் அதைக் கேட்டிருக்க மாட்டினம்."

"ஓம் அப்பா."

தொலைக்காட்சியை நிறுத்திவிட்டு, "எங்கட ஆஸ்பத்திரிக்குச் சேலைன் லொறி வாறது ஆமி மறிச்சுச் செக் பண்ணுற சென்றியாலதான்," என்றார். "ஒவ்வொரு முறையும் பாதிப் பெட்டி குறையும். பிறகு அதே பெட்டி ரவுண் கடையளுக்கை விலைக்கு வரும். ஆர் விக்கிறதெண்டும் தெரியும். அந்த ஒபிசரின்ர பெயர் எனக்கு இப்பவும் தெரியும்."

சாம்பவி அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள். இதை அவள் ஒருநாளும் கேள்விப்பட்டதில்லை.

"ஏன் அப்பா இவ்வளவு நாளும் சொல்லேல்லை?"

"ஆர் கேட்டது?"

அன்றைக்கு அவள் கேட்டாள். அப்பா சொன்னார். எந்த மருந்துகள், எந்தக் காலம், அதனால் யார் யார் செத்தார்கள், கூட வேலைசெய்தவர்களில் இப்போதும் உயிரோடு இருக்கிறவர்கள் யார் என்று அவர் சொல்லச் சொல்ல, தொலைபேசியில் பதிவுசெய்துகொண்டாள். சாப்பாட்டை இருவருமே மறந்துவிட்டார்கள்.

வசந்தம் தொடங்கும்போது ஆணைக்குழு தன் இடைக்கால முடிவை அறிவித்தது. விருந்தினர் மாளிகை பறிமுதல் செய்யப்பட்டு ஆஸ்பத்திரிக்குக் கொடுக்கப்பட்டது. மாமரங்களுக்குப் பின்னாலிருந்த பள்ளத்தைத் தோண்டிப் பார்த்தபோது துருப்பிடித்த இயந்திரம் அங்கேயே கிடந்ததாம். ஜெனரல்மேல் வழக்குத் தொடரப் பரிந்துரை செய்திருந்தார்கள். அவரைத் திருப்பி அனுப்பும்படி கனடாவைக் கேட்கப் போகிறார்கள். அது எத்தனை காலம் எடுக்கும் என்று ஒருவராலும் சொல்ல முடியவில்லை. அவர் வோபர்னில்தான் இருந்தார்.

நன்றி சொல்லப் பேர்ணடெற் ஒரு சனிக்கிழமை அழைத்தார். பேச்சு முடியும் தறுவாயில் சாம்பவி, "இன்னும் ஒன்று கேட்கலாமா?" என்றாள். "இப்படி ஓர் ஆணைக்குழுவை நீங்கள் எப்படித் தொடங்கினீர்கள்? முதலில் யார், யாரிடம் போய்க் கேட்டது?"

மறுமுனையில் பேர்ணடெற் சிரித்தார். "உங்களுக்கு நேரம் இருக்கிறதா? அது பெரிய கதை."

"பொறுங்கள்," என்று சொல்லிவிட்டுச் சாம்பவி குசினிப் பக்கம் திரும்பினாள். "அப்பா, இஞ்ச வாங்கோ. உங்கட கதிரையையும் இழுத்துக்கொண்டு வாங்கோ."