கெட்டியா குடுக்கணும்

இருசப்பனை முதியோர் இல்லத்து வாசலில் இறக்கிவிட்டு ஆம்புலன்ஸ் புதுச்சேரிக்கே திரும்பிவிட்டது. டிரைவர் ஒரு வார்த்தை சொல்லவில்லை. கூட வந்த மகன் மணிவண்ணன் கையில் மாத்திரைப் பை மட்டும் இருந்தது. சுனாமிக்கு மறுவருஷம் மரக்காணத்துக்கு வெளியே திறந்த இந்த இல்லத்தில், ஆஸ்பத்திரியிலிருந்து வருகிறவர்கள் எல்லாரும் இப்படித்தான் வந்து சேர்ந்தார்கள். நர்ஸ் ஜான்சிக்கு அலுத்துப் போயிருந்தது.

பக்கவாதத்தில் பெரியவருக்கு வலது பக்கமும் பேச்சும் போய்விட்டிருந்தன. உப்பளத்தில் காய்த்துப்போன இடது கை மட்டும் அசைந்தது. கஞ்சி கொண்டுவந்தபோது அந்தக் கையால் கிண்ணத்தைத் தள்ளினார்.

"புடிவாதம் சிஸ்டர். குடுங்க, நான் குடுக்கிறேன்" என்று மணிவண்ணன் வாங்கி, ஜான்சி தடுப்பதற்குள் ஒரு ஸ்பூன் ஊற்றிவிட்டான்.

பெரியவருக்குப் புரையேறியது. முகம் கறுத்து, கண் செருகியது. ஜான்சி அவரை ஒருக்களித்துப் புரட்டி, வாய்க்குள் விரல் விட்டு வழித்து, முதுகில் தட்டினாள். மூச்சு திரும்பியது.

உடனே ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டாள். "அந்த வார்டு இல்லீங்க." "ட்யூட்டி மாறிடுச்சு." "லைன்ல இருங்க." இருந்தாள். கட்டாகிவிட்டது. மறுபடி போட்டாள். கடைசியில் வசந்தா என்ற நர்ஸ் கிடைத்தாள்.

"இருசப்பனா? மூக்கு டியூப்ல குடுத்துட்டிருந்தோம், காலையிலதான் எடுத்தோம். தண்ணியா எதுவும் ஆகாது. உக்கார வச்சு, கெட்டியா, கொஞ்சம் கொஞ்சமா குடுக்கணும். பையன்கிட்ட சொன்னேனே!"

ஜான்சி திரும்பிப் பார்த்தாள். மணிவண்ணன் சுவரோடு ஒட்டி நின்றான்.

"வேகமா என்னமோ சொன்னாங்க சிஸ்டர். வண்டி கெளம்பிட்டிருந்துச்சு. சரின்னு தலையாட்டிட்டேன்."

"கேட்டீங்களா? தலையாட்டினாராம்! எனக்கு ஒரு போன் பண்ணியிருந்தா என்னங்க? செத்திருப்பாரு இப்ப!" என்று போனில் கத்தினாள் ஜான்சி.

"கத்தாதீங்க. வார்டு முழுக்க நான் ஒருத்திதான். உங்க நம்பர் யார் குடுத்தாங்க எனக்கு?"

இத்தனை பேரை அங்கிருந்து வாங்கிக்கொண்டும், நம்பரைக் கொடுக்க இல்லத்தில் யாருக்குமே தோன்றவில்லை. ஜான்சிக்கும்தான்.

"எழுதிக்கோங்க" என்றாள். "வண்டி ஏத்தறதுக்கு முன்னாடி பேசுங்க. யாரா இருந்தாலும்."

"போனை நீங்க எடுக்கணும்" என்றாள் வசந்தா. அவள் குரலிலும் எரிச்சல் தணியவில்லை.

ஜான்சி தயிர்சோற்றைக் குழையப் பிசைந்து எடுத்துவந்தாள். மணிவண்ணன் அப்பாவைத் தூக்கித் தலையணையில் சாய்த்து உட்காரவைத்தான். ஸ்பூன் பக்கத்தில் வந்ததும் பெரியவர் உதட்டை இறுக்கிக்கொண்டார். இத்தனை நேரம் புடிவாதம் என்று சொன்னது பயம் என்று இப்போது அவர் கண்ணில் பளிச்சென்று தெரிந்தது.

"தண்ணி இல்லப்பா. கெட்டியாத்தான் இருக்குது, பாருங்க" என்று ஸ்பூனைச் சாய்த்துக் காட்டினாள்.

சோறு வழியாமல் நின்றது. அவர் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.