வாய் திறந்த இடத்தில் ஓர் அத்தியாயம்

அறையில் இருந்தவர்கள் நான்கு பேர். சுவரோரம் மேலாளர். அவருக்குப் பக்கத்தில், கையேடு எழுத வரவழைத்த பெண்மணி. முன்பு பள்ளியில் பாடம் நடத்தியவள் என்பதால் அலுவலகமே அவளை டீச்சர் என்றது. கணினி முன்னால் மச்சான், வேலைக்குச் சேர்ந்து மூன்று வாரம். அவனுக்குப் பின்னால் கையைக் கட்டிக்கொண்டு, அவனுடைய அக்காளைக் கட்டிய தாடி. தாடியை மழித்து ஆறு வருடம் ஆகிவிட்டது. பட்டம் மட்டும் உதிரவில்லை.

மருத்துவமனைகளில் ரத்தம் வைக்கும் குளிர்பெட்டிகளைக் கண்காணிக்கிற மென்பொருள் அவர்களுடையது. பெட்டியில் சூடு ஏறினால் மணி அடிக்கும். அதன் நிரல் முழுவதும் கிடக்கிற களஞ்சியத்தை, அவர்கள் பேச்சில் ரெப்போவை, பதினோரு வருடமாகக் கட்டி மேய்த்தவன் தாடி ஒருவன்தான். எது எங்கே இருக்கிறது என்று அவன் மண்டையைத் திறந்தால்தான் தெரியும். போன வாரம் மேலாளர் சிரித்துக்கொண்டே சொன்னார்: "உன் மண்டைல இருக்கறதெல்லாம் புத்தகத்துல ஏறிடுச்சுன்னா, அப்புறம் நாங்க யாரையும் தொங்கிக்கிட்டு நிக்க வேண்டாம் பாரு." தாடிக்கு விளங்கியது. புத்தகம் முடிகிற அன்று அவன் சீட்டும் கிழியும்.

இன்று அந்தப் புத்தகத்துக்கு எலும்புக்கூடு போடும் நாள். எந்த அத்தியாயம் முன்னால், எது பின்னால் என்று சுவரில் மஞ்சள் காகிதங்களாக ஒட்டியிருந்தார்கள். டீச்சரின் முறை எளிது, கொடூரமானதும்கூட. விவரம் தெரியாத ஒருவன் காலிக் கணினி முன் உட்கார்ந்து, சுவரில் எழுதியிருப்பதை மட்டும் வைத்து மென்பொருளை ஓட்ட வேண்டும். மற்றவர்கள் மூச்சு விடலாம், பேசக் கூடாது. பொறுக்க முடியாமல் யார் வாய் திறந்தாலும், சொன்னதை அவள் எழுதி அந்த இடத்தில் ஒட்டுவாள். அது ஓர் அத்தியாயம்.

காலையிலிருந்து ஏழு அத்தியாயம் அப்படிச் சேர்ந்திருந்தது. ஏழும் தாடியின் வாயிலிருந்து பிடுங்கியவை. சாப்பாட்டுக்குப் பிறகு அவன் உதட்டைத் தைத்துக்கொண்டான்.

"என்னப்பா, வாய்ல தண்ணியா வச்சிருக்கே?" என்றார் மேலாளர்.

"பேசக் கூடாதுன்னு டீச்சர்தானே சொன்னாங்க."

"இப்ப சொன்னீங்களே, இதுக்கும் ஒரு அத்தியாயம் போட்டுடவா?" என்றாள் டீச்சர். மச்சான் சிரித்தான். வேறு யாரும் சிரிக்கவில்லை.

மச்சான் சுவரைப் பார்த்து வாய்விட்டுப் படித்தான். "மூணாவது. மாதிரி செட்டிங்ஸ் ஃபைலை காப்பி எடுக்கணும். எடுத்தாச்சு. நாலாவது, பழைய பதிவெல்லாம் அழிச்சுட்டு காலியா தொடங்கற கட்டளை."

தாடி கட்டியிருந்த கையை அவிழ்த்தான்.

மச்சான் காப்பி எடுத்த அந்த செட்டிங்ஸ் ஃபைல். ஒன்பது வருடத்துக்கு முன்னால் ஓர் அவசரத்தில், பொய் முகவரி போட வேண்டிய வரியில் மருத்துவமனைகளெல்லாம் இணைந்திருக்கிற நிஜ சர்வரின் முகவரியைப் போட்டு வைத்தவன் அவன். நாளைக்கு மாற்றலாம் என்று விட்டது, விட்டதுதான். ஒவ்வொரு முறையும் காப்பி எடுத்த கையோடு அந்த வரியைத் திருத்திவிடுவான், சட்டைப் பொத்தான் போடுவது போல, யோசிக்காமல். அதனால்தான் காலையில் பிடுங்கிய ஏழிலும் அது வரவில்லை. அதை ஒரு வேலையாகவே அவன் நினைத்ததில்லை.

மச்சான் அந்தக் கட்டளையை ஓட்டினால் அழியப்போவது இந்தக் காலிக் கணினியில் உள்ளது அல்ல. முப்பத்திரண்டு மருத்துவமனைகளின் குளிர்பெட்டிப் பட்டியல். பட்டியல் போனால் எங்கே என்ன சூடு ஏறினாலும் மணி அடிக்காது.

அழியட்டுமே என்று ஒரு குரல் சொன்னது. அது அவன் குரல்தான். பட்டியலுக்கு ஒரு நகல் இருக்கிறது, எங்கே இருக்கிறது என்று அவனுக்கு மட்டும்தான் தெரியும். இரண்டு மணி நேரத்தில் எழுப்பி நிறுத்திவிடலாம். மேலாளர் காலில் விழாத குறையாக நிற்பார். புத்தகம் குப்பைக்குப் போகும். பழி? என்டரைத் தட்டியவன் மேல். மூன்று வாரப் புதியவன் மேல்.

வீட்டில் மனைவி முகத்தில் எப்படி விழிப்பது என்று அவன் யோசிக்காமல் இல்லை. ஆனால் அதிகம் யோசித்தது அந்த இரண்டு மணி நேரத்தை. முப்பத்திரண்டு இடத்தில் ஒரு பெட்டிகூடவா மக்கர் செய்யாது?

"நிச்சயமா அழிக்கவான்னு கேக்குது," என்றான் மச்சான். திரும்பிப் பார்த்தான். அலுவலகத்தில் சார் என்றுதான் கூப்பிட வேண்டும் என்பது தாடி போட்ட சட்டம், அது பறந்துவிட்டது. "மாமா, ஆமான்னு அடிச்சுடட்டா?"

"அவரைக் கேக்காதீங்க," என்றாள் டீச்சர். "சுவர்ல என்ன இருக்கு?"

"ஓட்டச் சொல்லுது."

"அப்ப ஓட்டுங்க."

தாடி பல்லைக் கடித்தான். மச்சான் 'ஆம்' என்று அடித்தான். இனி என்டர் ஒன்றுதான் பாக்கி. விரல் அதை நோக்கி நகர்ந்தது.

"கைய எடுடா!"

மணிக்கட்டைப் பிடித்து இழுத்த இழுப்பில் நாற்காலி உருண்டு மேசையில் இடித்தது.

"என்ன மாமா?"

"அந்த ஃபைல்ல இருக்கறது நிஜ சர்வர். நான்தான் போட்டேன்."

மேலாளர் சுவரை விட்டு நிமிர்ந்தார். "எப்ப?"

"ஒம்பது வருஷம் ஆச்சு."

டீச்சர் பேனா மூடியைக் கழற்றினாள். "மூணுக்கும் நாலுக்கும் நடுவுலயா?"

"இல்ல. அறிமுகத்துக்கும் முன்னால. 'எதையும் ஓட்டுறதுக்கு முன்'னு தலைப்பு போடுங்க." தவளை தன் வாயால் கெட்டாயிற்று. இனி பாதி விழுங்கி என்ன பயன்? "எழுதிக்குங்க, நகல் எங்க இருக்குன்னும் சொல்றேன்."

சொன்னான். அவள் எழுதினாள். பதினோரு வருடம் பதினாறு காகிதத்தில் அடங்கிவிட்டது.

கடைசிக் காகிதம் ஒட்டும் வரை மேலாளர் காத்திருந்தார். "புத்தகம் முடிஞ்சுது. உன் ஆபீஸ் கார்டை மேசை மேல வச்சுடு."

"சார், அவர் சொல்லலைன்னா..." என்று மச்சான் எழுந்தான்.

"தெரியும். சொன்னதாலதான் நம்ம மூணு பேர் வேலையாவது தப்பிச்சுது. உக்காரு."

மச்சான் உட்கார்ந்தான். தாடிக்கு அதில் வருத்தம் இல்லை. அவனாக இருந்தாலும் உட்கார்ந்திருப்பான்.

"ஏதாவது புரியலைன்னா கேக்க, உங்க நம்பர் போடலாமா?" என்றாள் டீச்சர்.

"வேண்டாம். அதுக்குத்தானே இவ்வளவும் எழுதினீங்க."

பையை எடுத்துக்கொண்டான். மேலாளர் வாசல் வரை கூடவே நடந்தார், வழியனுப்ப அல்ல. தாடி படியில் கால் வைத்ததும் பின்னால் கதவு மூடியது. சாவி இரண்டு சுற்று சுற்றியது.