வெந்நீர் ஏறும் வழி

தெமோதரைக்கு மேலே நெட்டமரம் என்று ஒரு தேயிலைத் தோட்டம் இருந்தது. அந்தத் தோட்டத்துத் துரை பங்களாவில் பெரியாயிக்கு ஒரே வேலைதான்: குளிக்க வெந்நீர் போடுவது. விடிகாலையில் மற்றவர்கள் பெரட்டுக் களத்தில் கங்காணி பேர் கூப்பிடக் காத்து நிற்கும்போது, அவள் பங்களாவுக்குக் கீழே இருந்த கொட்டகையில் அடுப்பை மூட்டி முடித்திருப்பாள். அண்டா கொதித்ததும் இரண்டு மண்ணெண்ணெய்த் தகரங்களில் மொண்டு, கம்பில் மாட்டித் தோளில் தூக்கிக்கொண்டு, பன்னிரண்டு படி ஏறிக் குளிப்பறையில் கொண்டுபோய் ஊற்றுவாள். காலையில் எட்டு நடை, சாயங்காலம் எட்டு நடை. பதினோரு வருஷம் இப்படியே போயிற்று. ஒருமுறை படியில் வழுக்கியதில் வலது முழங்கையிலிருந்து மணிக்கட்டு வரை வெந்துபோன தழும்பு அவளுக்கு உண்டு.

1911ஆம் ஆண்டு துரைக்குக் கல்யாணம் ஆயிற்று. சீமையிலிருந்து வந்த துரைசாணிக்கு ஊவா மலையின் மார்கழிப் பனி ஒத்துக்கொள்ளவில்லை. பெரியாயி வெந்நீர் தூக்கிக்கொண்டு எட்டாவது நடை வருவதற்குள் முதல் நடைத் தண்ணீர் ஆறிப்போகிறது என்று அவள் குறைப்பட்டாள். அவள் சொன்னதில் பொய்யில்லை. துரை கொழும்புக்கு எழுதினார். இரண்டு மாதம் கழித்து, பண்டாரவளை ரயில் ஸ்டேஷனிலிருந்து மாட்டுவண்டியில் வைக்கோல் சுற்றிய ஒரு பெரிய பெட்டி வந்து இறங்கியது. உள்ளே ஆள் உயரத்தில் ஒரு செப்பு உருளை. அடியில் விறகு வைக்க வாய், உச்சியில் ஆவி போக ஒரு குட்டிக் குழாய், விலாவில் மேலே ஒரு துளையும் கீழே ஒரு துளையும்.

"இதுதான் பாய்லரு," என்றார் பங்களா அப்பு இராசையா. சமையலும் அவர்தான், மற்ற வேலைக்காரர்களுக்கு மேஸ்திரியும் அவர்தான். "இது தானே சுட வச்சுத் தானே தண்ணிய அனுப்பிரும். திங்கக்கிழமையிலேருந்து நீ கொழுந்தெடுக்கப் போகலாம்."

கொழுந்தெடுக்கப் போவதைப் பற்றிப் பெரியாயி கவலைப்படவில்லை. தோள் காய்ப்பு ஆறினால் போதும் என்றிருந்தது. ஆனால் அப்பு சொன்னதில் ஒரு வார்த்தை அவள் மனதில் மாட்டிக்கொண்டது.

"தானேன்னா எப்பிடிங்க அப்பு? தூக்குறது யாரு?"

"ஒனக்கெதுக்கு அதெல்லாம்? போயி வெறகு பொள."

தொழிற்சாலை மெசின்களைப் பார்த்துக்கொள்ளும் ஃபிட்டர் வந்து வேலையைத் தொடங்கினார். பங்களா சரிவில் கட்டியது. குளிப்பறைக்குப் பின்பக்கம் மலை உயர்ந்து போகும், முன்பக்கம் பள்ளம். தண்ணீர் மேட்டிலிருந்துதான் இறங்கும் என்று ஃபிட்டர் பின்மேட்டில் கல் அடுக்கி, குளிப்பறைக் கூரை உயரத்துக்கு மேடை கட்டி, அதன் மேல் பாய்லரை நிறுத்தினார். குளிப்பறைச் சுவரில் ஓர் இரும்புப் பீப்பாய். பாய்லரிலிருந்து பீப்பாய்க்கு இரண்டு ஈயக் குழாய்கள் இறங்கின. மலை உச்சி ஓடையிலிருந்து வரும் தண்ணீர் பாய்லர், பீப்பாய் இரண்டையும் நிரப்பிவிடும். பீப்பாயின் குழாயைத் திருகினால் வெந்நீர் கொட்ட வேண்டும். வேலையை முடித்துக்கொண்டு ஃபிட்டர் அடுத்த வாரமே வேறு மாவட்டத்துத் தோட்டத்துக்கு மாறிப் போய்விட்டார்.

முதல் நாள் பாய்லரைப் பற்றவைக்கும்போது தோட்டக்காரன், குதிரைக்காரன், அப்பு எல்லாரும் சுற்றி நின்றார்கள். அரை மணியில் பாய்லருக்குள் யாரோ சம்மட்டியால் அடிப்பது போல் டம் டம் என்று சத்தம் கேட்டது. உச்சிக் குழாயிலிருந்து ஆவி சீறிக்கொண்டு வந்தது. குதிரைக்காரன் ஓடியே போனான். குளிப்பறையில் துரைசாணி குழாயைத் திருகினாள். ஐஸ் மாதிரி பச்சைத் தண்ணீர் வந்தது.

மூன்று நாள் இதே கதை. கல் அடுக்கிய இடம் முனி நடமாடும் இடம் என்று, தோட்டத்து ஆட்கள் குடியிருந்த லயத்தில் பேச்சு கிளம்பியது. பெரியாயி மறுபடி தகரங்களைத் தூக்கினாள். துரைசாணி சலித்துப்போய், பாய்லரைக் கழற்றி ஓரமாகப் போடச் சொல்லிவிட்டாள். கழற்றுவதற்குப் பதுளைக் கடைத்தெருவிலிருந்து தகரவேலைக்காரர் மர்ஸூக்குக்கு ஆள் அனுப்பினார்கள்.

அவர் வருவதற்குள் பெரியாயிக்கு ஒருநாள் கிடைத்தது. அப்பு மத்தியானம் கண்ணயர்ந்த நேரம், பாய்லர் வாயில் நாலு விறகைப் பற்றவைத்துவிட்டு அவள் மேடைமீது ஏறி உட்கார்ந்தாள். பயமாக இருந்தது. முனியை நினைத்துப் பயமில்லை, அப்பு முழித்துக்கொண்டால் என்ன சொல்வது என்றுதான் பயம். உருளையின் மேல்பாகத்தைத் தொட்டாள். கையைச் சுட்டது. கொஞ்சம் கீழே தடவினாள். அவ்வளவு சூடில்லை. குழாயைத் தொட்டுக்கொண்டே இறங்கினாள். ஒரு சாண் வரைக்கும் சூடு, அதற்குக் கீழே பாம்பைத் தொட்ட மாதிரி சில்லென்றிருந்தது. பீப்பாயும் சில்லென்றுதான் இருந்தது.

அவளுடைய அண்டாவிலும் இப்படித்தான். அடியில் தீ எரிந்தாலும் முதலில் சூடாவது மேல்தண்ணீர்தான். அவசரமென்றால் மேலாக மொண்டுகொண்டு போவாள். தினமும் கையால் செய்த காரியம்தான். ஏன் என்று இதுவரை கேட்டுப் பார்த்ததில்லை. சூடான தண்ணீர் மேலே போய் உட்கார்ந்துகொள்ளும் என்றால், இங்கே அதற்கு மேலே போக எங்கே இடமிருக்கிறது? பீப்பாய் கீழே அல்லவா கிடக்கிறது?

மறுநாள் மர்ஸூக் வந்தார். நாற்பது வயதிருக்கும், தலையில் தொப்பி, இடுப்பில் சாரம், தோளில் கருவிப் பை. பாய்லரைச் சுற்றி வந்து செம்பைத் தட்டிப் பார்த்தார்.

"அல்லாவே, எவ்வளவு நல்ல செம்பு! இதைப் போயி கழட்டிப் போடச் சொல்றாங்களே. எங்கேயும் ஒழுக்கு இல்லை, பத்தவச்ச மூட்டெல்லாம் நல்லா இருக்கு. என்ன கொறை இதுக்கு?"

விறகுக் கட்டோடு நின்ற பெரியாயி வாயைத் திறந்துவிட்டாள். "மர்ஸூக் நானா, ஒண்ணு கேக்கட்டுமா? சுடுதண்ணி எந்தப் பக்கம் போகும்?"

மர்ஸூக் திரும்பிப் பார்த்தார். "எந்தப் பக்கமுன்னா?"

"மேலயா, கீழயா?"

அவர் சிரிக்கப் போனார். பிறகு சிரிப்பு நின்றுவிட்டது. "இருபது வருஷமா தண்ணி சுட வைக்கிற கேத்தல் அடிக்கிறேன், தங்கச்சி. இதை ஒரு நாளும் யோசிச்சதில்லை. நீ என்ன நெனைக்கிற?"

அவள் தொட்டுப் பார்த்ததையெல்லாம் சொன்னாள். அவரும் தொட்டுப் பார்த்தார். ஆனால் அவருக்கு முழுசாக நம்பிக்கை வரவில்லை. "சூடு மேல ஏறுதுன்னா சரி. தண்ணியே ஏறுமா? கண்ணால பாத்தாத்தானே தெரியும்."

கண்ணால் பார்ப்பதற்குத்தான் இருவரும் சமையல் கொட்டகைக்குப் போனார்கள். பெரியாயி ஒரு ஜாம் போத்தலைக் கழுவித் தண்ணீர் நிரப்பி, தணலில் வைத்தாள். படீரென்று உடைந்தது. "கண்ணாடிக்கு நேர்த்தீ ஆகாது," என்றார் மர்ஸூக். செங்கல் ஒன்றைச் சுட வைத்து, அதன் விளிம்பில் இன்னொரு போத்தலைப் பாதி மட்டும் படும்படி நிறுத்தினார். தண்ணீர் தெளிவாக இருந்தது. எதுவும் தெரியவில்லை. பெரியாயி சற்று நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு எழுந்துபோய், துரை குடித்து மிச்சம் வைத்த தேத்தண்ணிப் பானையிலிருந்து ஊறிப்போன தூளை ஒரு சிட்டிகை எடுத்துப் போத்தலில் போட்டாள்.

தூள் அடியில் படிந்தது. பிறகு செங்கல் பட்ட பக்கத்தில் ஒரு தூள் அசைந்தது. மெல்ல எழும்பியது. பின்னாலேயே இன்னொன்று, அப்புறம் பத்து, இருபது. ஓரமாக மேலே ஏறி, மேல்மட்டத்தில் குறுக்கே நடந்து, குளிர்ந்த பக்கமாக இறங்கி, மறுபடி அடிவழியாகச் சூட்டுப் பக்கத்துக்கு வந்தன. நிற்காமல் சுற்றிக்கொண்டே இருந்தன.

"தூக்குறது யாருமில்லை," என்றாள் பெரியாயி மெதுவாக. "அதுவே போயிட்டு அதுவே வருது."

"ரெண்டு குழாய் ஏன்னு இப்ப வெளங்குது," என்றார் மர்ஸூக். "ஒண்ணு ஏறிப் போக, ஒண்ணு எறங்கி வர. பாய்லரு பள்ளத்துல இருக்கணும், பீப்பாய் மேட்டுல இருக்கணும். அந்த மனுசன் தலைகீழா வச்சிட்டுப் போயிருக்காரு!"

அப்போதுதான் அப்பு உள்ளே வந்தார். உடைந்த போத்தலையும், அடுப்படியில் தலையோடு தலை வைத்துக் குனிந்திருந்த இருவரையும் பார்த்தார். "என்ன கூத்து இது? தொரசாணி கழட்டச் சொன்னா நீங்க தேத்தண்ணி வெளையாட்டு வெளையாடுறீங்களா?"

"அப்பு, ஒரு நிமிசம் குனிஞ்சு பாருங்க," என்றாள் பெரியாயி.

வேண்டாவெறுப்பாகத்தான் குனிந்தார். குனிந்தவர் நிமிர நேரமாயிற்று. பிறகு போய்த் துரைசாணியையே அழைத்து வந்துவிட்டார். வெள்ளைப் பாவாடை கரியில் புரள, அவள் அடுப்பு முன்னால் குந்தி உட்கார்ந்து போத்தலைப் பார்த்தாள். விரலால் கண்ணாடியின் இரண்டு பக்கத்தையும் தொட்டாள். இங்கிலீஷில் வேகமாக ஏதோ கேட்டாள்.

"இது யாரு யோசனைன்னு கேக்குறாங்க," என்றார் அப்பு. கொஞ்சம் தயங்கிவிட்டு, பெரியாயியின் பக்கம் கையைக் காட்டினார்.

ஆனால் ஒரு சிக்கல் இருந்தது. பாய்லரை வைக்கக் குளிப்பறையை ஒட்டிப் பள்ளத்தில் இருந்த ஒரே இடம் துரைசாணியின் ரோஜாப் பாத்தி. சீமையிலிருந்து கப்பலில் வந்த பதியன்கள், இப்போதுதான் மொட்டு விட்டிருந்தன. அப்பு அதை எடுத்துச் சொன்னதும் அவள் முகம் வாடிவிட்டது. வெளியே போய்ப் பாத்திக்கு முன்னால் வெகுநேரம் நின்றாள். பெரியாயியும் ஒதுங்கி நின்றாள். தவறாகிப் போனால் பாய்லரும் போய்விடும், ரோஜாவும் போய்விடும், பழி தன் தலையில் விழும் என்று அவளுக்குத் தெரியும். போத்தல் சின்னது, பாய்லர் பெரிது. சின்னதில் நடப்பது பெரிதிலும் நடக்குமா? அவளுக்கே உறுதியில்லை. ஆனால் அதைத் தெரிந்துகொள்ளாமல் கொழுந்தெடுக்கப் போனால் தூக்கம் வராது என்று மட்டும் தெரிந்தது.

துரைசாணி திரும்பி வந்து தனக்குத் தெரிந்த அரைகுறைத் தமிழில் சொன்னாள்: "நல்லது. நீ செய்."

ரோஜாக்களைப் பெரியாயியே வேரோடு மண்ணெடுத்து வேலியோரம் மாற்றி நட்டாள். மர்ஸூக் இரண்டு நாள் தங்கி, பள்ளத்தில் செங்கல் மேடை கட்டி, பாய்லரை இறக்கி நிறுத்தி, குழாய்களைப் புதிதாகப் பற்றவைத்து, உச்சி ஆவிக் குழாயைப் பீப்பாய்க்கும் மேலே நீட்டிவிட்டார். பாய்லரின் மேல்துளையிலிருந்து போகும் குழாய் எங்கேயும் தொய்யாமல் ஏறிக்கொண்டே போகிறதா என்று பெரியாயி ஒரு கயிற்றைப் பிடித்துப் பார்த்தாள். ஓரிடத்தில் தொய்வு தெரிந்தது. "தண்ணி இங்க வழியில தேங்கி நின்னுக்கிட்டா?" என்று கேட்டாள். அவர் முணுமுணுத்துக்கொண்டே அவிழ்த்து நேராக்கினார்.

மூன்றாம் நாள் காலை விறகு வைத்தார்கள். குதிரைக்காரன் தூரத்திலேயே நின்றுகொண்டான். டம் என்ற சத்தம் வரவில்லை. கால்மணி நேரம் கழித்துப் பெரியாயி மேல்குழாயில் கையை வைத்தாள். சூடு அவள் உள்ளங்கைக்குக் கீழே நகர்ந்து போவது தெரிந்தது. அவளும் கையை நகர்த்திக்கொண்டே அதன்கூடவே போனாள். சுவர் வரைக்கும், பிறகு குளிப்பறைக்குள் ஓடி, பீப்பாய் வரைக்கும். பீப்பாயின் தலை வெதுவெதுத்தது.

துரைசாணி குழாயைத் திருகினாள். ஆவி பறக்க வெந்நீர் கொட்டியது. அவள் சின்னப் பிள்ளை மாதிரிக் கூவிவிட்டாள். வெளியே மர்ஸூக் தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்துகொண்டு, "மாஷா அல்லாஹ்," என்றார். பெரியாயிக்குக் கண் கலங்கிவிட்டது. சந்தோஷமா, பதினோரு வருஷத்துக் களைப்பா என்று அவளுக்கே பிரித்துச் சொல்லத் தெரியவில்லை.

அவளைக் கொழுந்துக்கு அனுப்பவில்லை. பாய்லருக்கும் விறகு வைக்க ஆள் வேண்டுமே. தோள் காய்ப்பு மெல்ல ஆறிவந்தது. மாற்றி நட்ட ரோஜாக்களில் பாதி பட்டுப்போயின. துரைசாணி அதற்கு அவளை ஒன்றும் சொல்லவில்லை. லயத்தில் முனிப் பேச்சு நின்று, பெரியாயி மந்திரம் போட்டுத் தண்ணீரை ஏற வைத்தாள் என்ற பேச்சு கிளம்பியது. வருகிறவர்களுக்கெல்லாம் அவள் போத்தலில் தூளைப் போட்டுக் காட்டினாள். சிலர் நம்பினார்கள். சிலர் போத்தலுக்குள்ளும் மந்திரம் இருக்கிறது என்றார்கள்.

வைகாசியில் மர்ஸூக் மறுபடி வந்தார். பண்டாரவளைப் பக்கத்தில் இன்னொரு பங்களாவிலும் பாய்லர் சூடேற்றவில்லையாம். பெரியாயியை ஒரு நாள் அனுப்ப முடியுமா என்று துரையிடம் கேட்டார். துரை சிரித்துக்கொண்டே சம்மதித்தார். மாட்டுவண்டியில் போகும் வழியெல்லாம் அவள் கேள்வியாகக் கேட்டுக்கொண்டு வந்தாள். சுடுதண்ணி ஏறுமென்றால் கடல் ஏன் ஏறுவதில்லை, சுட்ட எண்ணெயும் ஏறுமா, அடுப்புப் புகை ஏறுவதும் இதே கணக்குத்தானா? மர்ஸூக் பாதிக்கு மேல், "எனக்கெப்படித் தெரியும்?" என்றே பதில் சொன்னார்.

அந்தப் பங்களாவில் பாய்லர் சரியாகப் பள்ளத்தில் இருந்தது. பீப்பாய் சரியாக மேட்டில் இருந்தது. குழாய்களில் தொய்வில்லை. இருந்தும் தண்ணீர் சில்லென்றுதான் வந்தது. பெரியாயி மூன்று முறை சுற்றி வந்து ஒவ்வொரு சாணாகத் தொட்டுப் பார்த்தாள். வீட்டுக்காரர்கள் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"என்ன தங்கச்சி, என்ன கொறை?" என்றார் மர்ஸூக் தாழ்ந்த குரலில்.

"தெரியலையே நானா," என்றாள் பெரியாயி. அவள் முகமெல்லாம் மலர்ந்திருந்தது. சேலைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு குந்தி உட்கார்ந்தாள். "இந்த அடிக்குழாயைக் கழட்டுங்க. உள்ள என்ன இருக்குன்னு பாப்போம்."