விலகலுக்கு எந்த ‘ல’

‘தாங்கள் அனுப்பிய சொல் தவறானது. சரிபார்த்து மீண்டும் அனுப்பவும்’ என்று கைப்பேசி மறுபடியும் சொன்னபோது, சந்தியக்கா சாப்பாட்டு டப்பாவைப் பாதியில் மூடிவைத்தாள். தலையில் முதல் நரை விழுவதற்கு முன்பிருந்தே அந்த அச்சகத்தில் மெய்ப்புப் பார்ப்பவள் அவள். பிறர் பிழையில்தான் அவள் பிழைப்பு. அவளைப் பார்த்து ‘உன் சொல் தவறு’ என்று எவரும் சொன்னதில்லை. சொல்லத் துணிந்த ஓரிரு நூலாசிரியர்கள்கூட, வீட்டுக்குப் போய் அகராதியைப் புரட்டிவிட்டு, மறுநாள் வந்து மழை வெயில் பற்றிப் பேசிவிட்டுப் போயிருக்கிறார்கள்.

சந்தியக்கா என்பது பெற்றவர்கள் வைத்த பெயர் அன்று. சொல்லுக்கும் சொல்லுக்கும் நடுவே வரவேண்டிய க், ச், த், ப் எங்கே விடுபட்டிருந்தாலும் சிவப்பு மையால் இழுத்துவந்து உட்காரவைப்பாள் என்பதற்காக அச்சகத்தார் வைத்த பெயர். ‘நம்ம பக்கத்தைப் பாத்துச் சந்தி சிரிச்சா மானம் போச்சு’ என்பது பக்க வடிவமைப்பாளரின் பழைய வேடிக்கை. அண்மைக் காலமாக அவளுக்குச் சிரிக்கப் பக்கங்களே வருவதில்லை. பிழை திருத்தும் மென்பொருள் ஒன்றை முதலாளி வாங்கிப் போட்டதிலிருந்து, அதன் பல்லில் சிக்காதவை மட்டுமே அவள் மேசைக்கு வந்தன. கூலியோ பக்கக் கணக்கில். “மிச்சம் மீதிப் பிழையை யாருக்கா பாக்கப் போறா?” என்று கேட்ட முதலாளியின் குரலில் கொடுமை ஏதும் இல்லை. அதுதான் அவளுக்குத் தாளவில்லை.

வரும்படி குறைந்தால் செலவு குறையவேண்டும். குடும்பத்தில் மூன்று கைப்பேசிகள்: அவளுடையது, பள்ளி வேன் ஓட்டும் கணவனுடையது, செவிலியர் படிப்புப் படிக்கும் மகளுடையது. மூன்றுக்கும் சேர்த்து அவள் பெயரில் ஒரே பில். அது ஆட்டைக் கடித்து மாட்டைக் கடித்து, இப்போது மளிகைச் செலவையே கடிக்கும் நிலைக்கு வந்திருந்தது. கட்டணம் குறையாவிட்டால் ஒரு பேசியை எடுத்துவிடுவது என்று பேச்சு வந்ததும், “என்னோடதை எடுத்துடும்மா” என்று கணவன் முந்திக்கொண்டான். வேன் ஓரிடத்தில் பத்து நிமிடம் தாமதித்தால் எத்தனை தாய்மார்கள் அந்தப் பேசிக்குள் அலறுவார்கள் என்பது அவனுக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும். தெரிந்தேதான் சொன்னான்.

அந்த நேரத்தில்தான் மகள் வேறொரு செய்தியைக் கொண்டுவந்தாள். அவளுடன் படிக்கும் பெண் இவர்களுடைய கைப்பேசி நிறுவனத்திலேயே புது இணைப்பு எடுத்திருக்கிறாள். அதே வேகம், அதே வசதி, இவர்கள் கட்டுவதில் பாதிக் கட்டணம்.

“அதெப்படிடி?”

“அவ புதுசும்மா. புதுசா வர்றவங்களுக்குத்தான் சலுகை.”

“அப்ப பழசுக்கு?”

“பழசு எங்கம்மா போகப்போகுது?”

மகள் வேடிக்கையாகத்தான் சொன்னாள். சந்தியக்காவுக்கு அது வேடிக்கையாகப் படவில்லை. ‘எங்கே போகப்போகிறாள்’ என்ற அதே வாக்கியத்தை அச்சக முதலாளியும் வாய் திறவாமலே சொல்லிக்கொண்டிருக்கிறார் என்பது உறைத்தது. ஒரு தவணைகூடத் தவறாமல் கட்டியவளுக்குக் கூடுதல் விலை, நேற்று வந்தவளுக்குப் பாதி விலை என்றால், நாணயமாக இருந்ததற்குத் தண்டனை என்றுதானே பொருள்? நிறுவனத்தை மாற்றுவதென்று அன்றைக்கே முடிவு செய்தாள். போட்டி நிறுவனம் ஒன்று இதைவிட மிகக் குறைவாகக் கேட்டது, எண்ணும் மாறாது. பழைய நிறுவனத்துக்கு ஒரு சொல்லை அனுப்பினால் அவர்கள் ஒரு குறியீட்டு எண் தருவார்கள். அதைப் புதிய நிறுவனத்தில் காட்டவேண்டும், அவ்வளவுதான். ஆனால் மாதம் முடிவதற்குள் காட்டவேண்டும். தவறினால் ஒப்பந்தம் தானாகவே இன்னோர் ஆண்டுக்குப் புதுப்பிக்கப்பட்டுவிடும், பழைய கட்டணத்திலேயே. மாதமோ கடைசி வாரத்தில் இருந்தது.

எந்தச் சொல்லை அனுப்பவேண்டும் என்று நிறுவனம் செய்தி அனுப்பியிருந்தது: ‘எமது சேவையிலிருந்து வெளியேற, விளகல் எனத் தட்டச்சு செய்து, இடம் விட்டு, தங்கள் எண்ணைச் சேர்த்து அனுப்பவும்.’ அதில் லகரம் இருக்கவேண்டிய இடத்தில் ளகரம் இருந்ததை அவள் கண் பார்க்கத்தான் செய்தது. சோற்றில் கிடந்த கல்லை எடுத்து ஓரமாக வைப்பவள்போல், மனத்துக்குள்ளேயே அதைத் திருத்திவிட்டு ‘விலகல்’ என்று அனுப்பினாள். பிழை அவர்களுடையது, சொல் அனைவருக்கும் பொது. ஒரு நிறுவனம் பிழையையே விடையாக எதிர்பார்க்கும் என்பது அவள் கற்ற எந்த இலக்கணத்திலும் இல்லை. ஆகவே இடைவெளியை மாற்றிப் பார்த்தாள், எண்ணை முன்னே போட்டுப் பார்த்தாள், முற்றுப்புள்ளி வைத்தும் எடுத்தும் பார்த்தாள். பேசி அசையவில்லை. தாங்கள் அனுப்பிய சொல் தவறானது.

சாப்பாட்டு இடைவேளை முடிவதற்குள் உதவி எண்ணை அழைத்தாள். ‘தங்கள் அழைப்பு எங்களுக்கு மிகவும் முக்கியமானது’ என்று ஒரு பெண் குரல் திரும்பத் திரும்பச் சொல்லி, முக்கியமானதைக் காக்கவைத்தது. நடுநடுவே புல்லாங்குழல். ஒருவழியாக ஓர் இளைஞன் வந்தான்.

“வணக்கம் மேடம், இந்த இனிய நாள்ல உங்களுக்கு எப்படி உதவட்டும்?”

“தம்பி, நான் உங்களை விட்டுப் போகணும். வழியை மட்டும் சொல்லு.”

“போறதுக்கான காரணத்தைத் தெரிஞ்சுக்கலாமா மேடம்?”

“பில்லு.”

விசைகள் தட்டும் ஒலி கேட்டது. பிறகு அவன் குரலில் ஒரு பரிசளிப்பு விழாவே தொடங்கியது. “மேடம், நீங்க எங்களோட மதிப்புமிக்க பழைய வாடிக்கையாளர். அதனால உங்களுக்காக மட்டும் ஒரு ஸ்பெஷல் ஆஃபர். அடுத்த மாசத்துலேருந்து பாதிக் கட்டணம் கட்டினாப் போதும்.”

“பாதியா? உங்களுக்குக் கட்டுப்படியாகுமா?”

“தாராளமா ஆகும் மேடம்.”

“அப்ப இத்தனை வருஷமா மீதிப் பாதியை எதுக்கு வாங்கினீங்க?”

அவனிடம் தந்திருந்த கேள்வி பதிலில் இந்தக் கேள்வி இல்லை போலும். கடைசியில், உள்ளபடியே யோசித்து, உள்ளபடியே சொன்னான்: “நீங்க கேக்கலையே மேடம்.”

சந்தியக்காவின் காது சூடேறியது. கேட்டால் கொடுப்பதற்குச் சலுகை என்று பெயர். கேளாமல் எடுத்ததற்கு என்ன பெயர்? தமிழில் அதற்குச் சொற்பஞ்சம் இல்லை. மாதச் சம்பளத்துக்கு வாய் கொடுக்கும் ஒரு பிள்ளையிடம் அவற்றைச் சொல்லி என்ன ஆகப்போகிறது என்று அடக்கிக்கொண்டாள்.

“சலுகை வேண்டாம். நீங்க கேட்ட சொல்லை நானும் அனுப்பி அனுப்பிப் பாக்குறேன், தப்புன்னே வருது. அது ஏன்னு சொல்லு.”

“என்ன சொல் மேடம் அனுப்பினீங்க?”

“விலகல்.”

“கரெக்ட் மேடம், விளகல். அதைத்தான் அனுப்பணும்.”

“அதைத்தானேப்பா அனுப்புறேன்.”

“இல்ல மேடம், நீங்க எந்த ‘ல’ போட்டீங்க?”

“விலகலுக்கு எந்த ‘ல’ போடுவாங்க?”

“மெசேஜை ஒருதடவை பாருங்க மேடம். அதுல பெரிய ‘ள’ இருக்கும். அப்படியே அனுப்புங்க.”

“தம்பி, அது தப்பு.”

“தப்புதான் மேடம். ஆனா சிஸ்டத்துல அதுதான் சரி.”

அவள் நாற்காலியில் சாய்ந்துகொண்டாள். இளைஞன் குரலைத் தாழ்த்தினான். “நானும் மேல சொல்லிப் பாத்துட்டேன் மேடம். சரியா எழுதத் தெரிஞ்சவங்கதான் எப்பவும் போன் பண்றாங்கன்னு சொன்னேன். ‘வெளிய போற வழியில கல்லு கிடந்தா நாம எதுக்குடா பொறுக்கணும்’னு கேட்டுட்டாங்க.” உடனே குரலை உயர்த்தி, “இந்த உரையாடல் உங்களுக்குத் திருப்தியா இருந்துச்சா மேடம்?” என்றான்.

பிற்பகல் முழுவதும் ஓர் ஆண்டறிக்கையின் பக்கங்கள் அவள் முன்னே கிடந்தன. எழுத்துகள் கண்ணில் பட்டன, உள்ளே போகவில்லை. எத்தனை ஆண்டுகளாக ஒவ்வோர் எழுத்துக்கும் மன்றாடியிருக்கிறாள்! ‘பொருள் புரியுதுல்ல, விடுக்கா’ என்று கேலி செய்யாதவர் யார்? கடைசியில், எழுத்து பிசகினால் ஏற்கமாட்டேன் என்று அவளைப்போலவே பிடிவாதம் பிடிக்கும் ஒருவன், ஒரு கணினி உருவில், இந்த உலகத்தில் வந்து வாய்த்தான். அவன் காவல் காத்ததோ பிழையை.

மாலையில் வீட்டில் இதைச் சொன்னபோது கணவன் விழுந்து விழுந்து சிரித்தான். கடைக்கு எழுதிய சீட்டில் ‘பள் பொடி’ என்று எழுதி, அவள் கையால் சிவப்பு வட்டம் வாங்கியவன் அவன். “இங்க குடு. எனக்கு அந்த ‘ள’ தானா வரும். பொறந்ததுலேருந்து பழக்கம்.”

“சிரிக்காதீங்க. வயிறு எரியுது.”

“எரியாம என்ன பண்ணும்? சரி, அந்தப் பையன்தான் பாதியாக்கித் தரேன்னு சொல்றானே. பேசாம இருந்துட்டா என்ன?”

“இருந்துட்டா, ‘ஐயா, நல்லாயிருங்க’ன்னு கும்பிட்டுக்கிட்டு இருக்கணும். எடுத்ததைத் திருப்பித் தரேன்னா சொன்னான்? இனிமே கொஞ்சமா எடுத்துக்கறேன்னுதானே சொன்னான்?”

சீருடைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்த மகள் திரும்பினாள். “அம்மா, நீ எழுதவே வேண்டாம். அந்த மெசேஜ்லேருந்து காப்பி பண்ணிப் போட்டுடு. தப்பு அவங்களோடதாவே இருக்கட்டும்.”

“நான் திருடலை, மூட்டையை மட்டும்தான் தூக்கினேங்கிற கதையா? அனுப்புறதுன்னா என் கையால எழுதித்தான் அனுப்புவேன். தப்புக்கு எதுக்குடி பினாமி?”

“ஒரு எழுத்தும்மா!”

“ஒரு எழுத்துதான். நீ நாளைக்கு ஊசி போடப் போறவ. ஒரு புள்ளிதானேன்னு மருந்தோட அளவை மாத்திப் போடுவியா?”

மகள் இஸ்திரிப்பெட்டியை நிமிர்த்தி வைத்தாள். “மாட்டேன். ஆனா நோயாளியோட பேரைத் தப்பாப் பதிஞ்சிருந்தா, அந்தத் தப்புப் பேரைச் சொல்லித்தான்ம்மா கூப்பிடுவோம். அப்பதான் அவருக்கு மருந்து போய்ச் சேரும். அதனால ஆள் மாறிடுவாரா?”

இவ்வளவு தெளிவாகப் பேச இவள் எங்கே கற்றாள் என்ற பெருமையும், அந்தத் தெளிவு தனக்கு எதிராகத்தானா திரும்பவேண்டும் என்ற எரிச்சலும் சந்தியக்காவுக்குள் ஒன்றாக எழுந்தன. கணவன் வேன் சாவியை ஆணியில் மாட்டிவிட்டு, தன் பேசியை எடுத்து, அதில் இருந்த தாய்மார்களின் எண்களை ஒரு தாளில் எழுதத் தொடங்கியிருந்தான். பேசி போய்விட்டால் பொதுத் தொலைபேசியிலிருந்து கூப்பிடலாமாம். எந்தக் காலத்தில் இருக்கிறான் இந்த மனிதன்! அவன் எழுதிய முதல் பெயரிலேயே இரண்டு பிழைகள் இருந்தன. அவள் தன் பேசியைக் கையில் எடுத்தாள்.

வி. ள. க. ல். இடைவெளியைத் தொட்டதும் திரையில் சொல் தானாகவே ‘விலகல்’ ஆயிற்று. அழித்தாள். மறுபடியும் எழுதினாள், மறுபடியும் பேசி அதைத் திருத்தியது. இத்தனை காலமும் அவள் விரலைப் பார்த்துப் பார்த்துப் படித்த விசைப்பலகை அது. அவள் வளர்த்த பிள்ளை, அவளையே தப்புச் செய்யவிடாமல் கையைப் பிடித்தது. இம்முறை அவள் ஒவ்வோர் எழுத்தாக, பல்லைக் கடித்துக்கொண்டு எழுதி, திருத்தம் முளைத்த இடத்திலேயே அதைத் தள்ளுபடி செய்து, எண்ணைச் சேர்த்து அனுப்பினாள்.

மூச்சு விடுவதற்குள் மறுமொழி வந்தது. ‘வாழ்த்துகள்! தங்கள் விளகல் ஏற்கப்பட்டது.’ அதன் கீழே குறியீட்டு எண்.

“பாஸாயிட்ட!” என்று கணவன் கைதட்டினான். தாளைக் கசக்கி எறிந்தபோது அவன் முகத்தில் தெரிந்த ஆறுதலை அவள் பார்த்தாள். பார்க்காதவள்போல் அடுப்பங்கரைக்குப் போய்த் தண்ணீர் குடித்தாள்.

மறுநாள் காலை, வேலைக்குப் போகும் வழியில், புதிய நிறுவனத்தின் கடையில் எல்லாம் எளிதாக முடிந்தது. எண்ணைச் சரிபார்த்த பெண், மூன்று பேசிகளும் மாற ஒருமணி நேரம் ஆகும், விரும்பினால் உட்காரலாம் என்றாள். சந்தியக்கா சுவரோரம் இருந்த நெகிழி நாற்காலியில் அமர்ந்தாள். மற்றவராக இருந்தால் அத்துடன் விட்டிருப்பார்கள். அவளோ பழைய நிறுவனத்தின் குறைதீர்ப்பு முகவரியைத் தேடியெடுத்து, கடையின் இணையத்தில் இணைந்துகொண்டு, முறைப்படி எழுதத் தொடங்கினாள். ‘ஐயா, தங்கள் நிறுவனம் பழைய வாடிக்கையாளரிடம் இருமடங்கு கட்டணம் வாங்குவதுடன், வெளியேறும் வாயிலில் பிழையான சொல்லையும் காவல் வைத்திருக்கிறது. சரியான வடிவம்’ என்பதுவரை தடையின்றி வந்தது.

அடுத்து ‘வி’ என்று தொட்டாள். விசைப்பலகை, முந்தைய நாள் கற்ற பாடத்தை மறக்காமல், பணிவுடன் ‘விளகல்’ என்று நீட்டியது.

அவள் அதன்மேல் விரலை வைத்து அழுத்தினாள். ‘இச்சொல்லை நீக்கவா?’ என்று கேட்டு, திரையின் நடுவே ஒரு சிறிய குப்பைத்தொட்டி மூடி திறந்தது. விரலை நகர்த்தினாள். சொல் விரலடியில் ஒட்டிக்கொண்டு நகர்ந்தது. பாதி வழியில் விரல் நின்றது. இன்ன சொல் பிழை என்று முறையிடுவதற்கும், அடுத்த வரியில் இதே சொல்லை எழுதியாகவேண்டும்.

கடைப்பெண் ஏதோ கேட்டாள். சந்தியக்கா நிமிரவில்லை. எந்த நிறுவனத்தின் பெயரும் இல்லாமல் வெறுமையாக இருந்தது திரையின் மேல்முனை. அதன் கீழே, தொட்டிக்கும் வரிக்கும் நடுவில், அவள் விரல் நுனியில் தொங்கிக்கொண்டிருந்தது அந்தச் சொல்.